எங்கள் கிளப்பை மறுபடி ஆட வைத்தவர்களுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன்

பணம் வர வேண்டியிருந்தும் பொறுத்திருந்தவர்களுக்கும், அண்டா கிளறியவர்களுக்கும், குவாண்டம் வேன் ஓட்டியவர்களுக்கும், சேறு அள்ளியவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் கால்பந்து கிளப் மறுபடியும் ஏ.பி.சி. மொட்சேபே லீக்குக்கு ஏறிவிட்டது. பிளே-ஆஃப் முடிந்த ராத்திரியே செய்தி எல்லார் போனுக்கும் போய்விட்டதால் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் யார் யாருக்கு எதற்காகக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. செயலாளர் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் தனித்தனியாகப் போயிருக்கிறது. இந்தத் தமிழ் மடல், இங்கே இன்னும் தமிழ் வாசிக்கிற பெரியவர்களுக்கும், தாம்பரத்திலும் திருச்சியிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, கண்ணால் பார்க்காத மைதானத்துக்குப் பணம் அனுப்பியவர்களுக்கும்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் உச்சியில் இருப்பது பி.எஸ்.எல்., 16 அணிகள். அதற்குக் கீழே இரண்டாம் டிவிஷன். மூன்றாவதுதான் மொட்சேபே லீக்: ஒன்பது மாகாணங்களுக்கும் ஒவ்வொன்று, ஒன்பது சாம்பியன்களும் மோதிக்கொண்டால் மேலே போவது இரண்டே அணிகள். அதற்குக் கீழே வட்டார லீக். எங்கள் குவாசுலு-நட்டாலில் மட்டும் இப்படி 11 வட்டாரங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் எல்.எஃப்.ஏ. என்கிற உள்ளூர் சங்கங்கள். அங்கே கோல் போஸ்டுக்கு வலை இருந்தாலே அது பெரிய ஆட்டம். நாங்கள் மூன்றாம் படியில் இருந்து விழுந்தது நேராக அந்த அடித்தட்டுக்கு.

விழுந்த கதையை நீட்டப் போவதில்லை. ஒரு ஸ்பான்சர் வந்தார், இரண்டாம் டிவிஷனுக்குப் போகலாம் என்றார், அவர் வாக்கை நம்பி ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் பேசப்பட்டது. பிறகு பணம் நின்றது, போனும் எடுக்கவில்லை. பி.எஸ்.எல். கிளப்புகளுக்கு டிவி பணம் வருகிறது. மூன்றாம் டிவிஷனில் அது கிடையாது, டிக்கெட் போட்டு வசூலிக்கவும் முடியாது. சம்பள பாக்கி, பஸ் பாக்கி, ஜெர்சி கடை பாக்கி, பிசியோ பாக்கி என்று ஏறி, சீசன் நடுவிலேயே லீக்கிலிருந்து விலக வேண்டியதாகிவிட்டது. அடுத்த மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து நாடு முழுக்க மைதானங்கள் பூட்டிக் கிடந்தன. சரி, இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

முதல் நன்றி, அப்போது இலவசமாக வந்து உட்கார்ந்த வக்கீல் அம்மாவுக்கு. கிளப்பைக் கலைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சமூகக் கூடத்தில் பாக்கிக்காரர்கள், அதாவது நாங்கள் பணம் தர வேண்டியிருந்தவர்கள், முன்னாலேயே விளக்கினார். கையில் இருப்பதை விற்றால் கலைக்கிற செலவு முதலில் போகும், அப்புறம் அடமானம் பிடித்தவர், சம்பளம், வரி என்று வரிசை போகும், ஜெர்சி கடைக்காரர் வரிசையின் கடைசி. எங்கள் நாட்டுச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சொத்து பற்றவில்லை என்றால், பாக்கி கேட்டு மனு போட்டவரே அந்தச் செலவில் பங்கு கொடுக்க வேண்டி வரலாம். இதைக் கேட்டதும் கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அன்றைக்கே எல்லாரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடவில்லை. ஒருவர் கோபமாக எழுந்து போனார், மறுவாரம் மனைவியோடு திரும்பி வந்தார். மெல்ல மெல்ல எல்லாரும் தவணைக்குச் சம்மதித்தார்கள். சின்னச் சின்னக் கடைக்காரர்கள் அவர்கள். அந்தப் பணம் அவர்களுக்கும் அத்தனை அவசரமாக வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

தவணையில் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை முதலில் வைத்தோம். இரண்டு பையன்கள் எங்கள் மேல் புகார் கொடுத்திருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது, உழைத்தவன் கூலி கேட்கத்தான் செய்வான். அதில் ஒருவன் பாக்கி தீர்ந்த பிறகு திரும்பி வந்து சம்பளமில்லாமல் எங்களுக்கே கோல் காத்தான். அவனுக்குத் தனியாக ஒரு நன்றி.

அடுத்து, "வாங்கிவிடலாம்" என்ற யோசனையைத் தடுத்தவர்களுக்கு. வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். எங்கள் நாட்டில் ஒரு கிளப் தன் இடத்தையே, அதாவது எந்த டிவிஷனில் ஆடுகிறதோ அந்த உரிமையை, இன்னொரு கிளப்புக்கு விற்கலாம். திருட்டுத்தனம் இல்லை, லீக்கே அனுமதிக்கிறது. இதே டர்பனின் அமாசுலு 2017இல் அப்படித்தான் தாண்டா ராயல் சுலுவின் இடத்தை வாங்கி பி.எஸ்.எல்.லுக்குத் திரும்பியது. சொவெட்டோவின் மொரோகா ஸ்வாலோஸ் 1947இல் தொடங்கிய பழம்பெரும் கிளப். கடனில் மூழ்கிக் கீழே போய், 2019இல் ஒரு சின்ன கிளப்பின் இடத்தை வாங்கி, அடுத்த வருஷமே பி.எஸ்.எல்.லுக்கு ஏறியது. நாங்கள் ஏங்கிப் பார்த்த கதை அது. எங்களுக்கும் ஒரு தரகர் வந்தார், ஒரு புதுப் பணக்காரரும் தயாராக இருந்தார்.

கூட்டத்தில் எழுந்து வேண்டாம் என்றவர் எங்கள் கிளப்பின் மூத்த தாத்தா. மேகசீன் பாரக்ஸில் பிறந்தவர். டர்பன் கார்ப்பரேஷன் தன் இந்தியத் தொழிலாளர்களை வைத்திருந்த குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். எங்கள் கிளப் அங்கேதான் தொடங்கியது. அறுபதுகளில் அவர்களை எல்லாம் கிளப்பி இந்தச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள், கிளப்பும் கூடவே வந்தது. தாத்தா நீளமாகப் பேசவில்லை. "காசு கொடுக்கிறவன் நாளைக்கு ஜோஹானஸ்பர்க்குக்குத் தூக்கிட்டுப் போனா என்னப்பா செய்வே?" என்று கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. ஏனென்றால் அங்கிருந்த எல்லாருக்கும் மேனிங் ரேஞ்சர்ஸ் நினைவு இருந்தது. 1928இல் தொடங்கிய, எங்கள் சாட்ஸ்வொர்த் கிளப். பி.எஸ்.எல். தொடங்கிய முதல் சீசனிலேயே, 1996-97இல், கார்டன் இகசுண்ட் பயிற்சியில் சீஃப்ஸ், பைரேட்ஸ், சன்டவுன்ஸ் என்ற பெரிய கிளப்புகளை எல்லாம் தாண்டிக் கோப்பையைத் தூக்கியது. அப்புறம் அந்த உரிமமும் கைமாறி, பெயரே லீக்கிலிருந்து மறைந்துபோனது. வாக்கெடுப்பில் தாத்தா பக்கம் சிறிய வித்தியாசத்தில்தான் ஜெயித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம் என்று கை தூக்கியவர்களும் துரோகிகள் இல்லை, அவர்களில் பாதிப் பேர் மறுநாளே வேலைக்கு வந்தார்கள். ஸ்வாலோஸ் 2024இல் தன் இடத்தை மருமோ கேலன்ட்ஸுக்கு விற்றுவிட்டு லீக்கைவிட்டுப் போனபோது தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, செய்தித்தாளைக் கமிட்டி மேசையில் வைத்துவிட்டுப் போனார். குறும்புக்காரர்.

இப்போது சமையலறைக்கு வருகிறேன். இங்கே நான் கஞ்சத்தனம் பண்ண முடியாது, பண்ணினால் ஆன்ட்டிமார் என்னை விடமாட்டார்கள்.

எங்கள் கடனில் பெரும்பங்கை அடைத்தது பிரியாணி. தமிழ்நாட்டு நண்பர்களே, டர்பன் பிரியாணியில் உருளைக்கிழங்கும் முழு மைசூர்ப் பருப்பும் கிடக்கும், பக்கத்தில் பருப்புக் குழம்பு வரும். அது பிரியாணியா என்று யாரும் எழுதிக் கேட்க வேண்டாம், ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். மாதம் ஒரு ஞாயிறு, விடிவதற்குள் விறகு அடுப்பு மூட்டி, பதினொரு மணிக்குள் டப்பாக்கள் போய்ச் சேர வேண்டும். அண்டாவும் கரண்டியும் கோயில் கமிட்டி கொடுத்தது. வெங்காயமும் உருளையும் இங்கே சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிற பங்களாதேஷ் மார்க்கெட்டில் கடை போடுகிற அக்கா தந்தார், வாரக் கடைசியில் விற்காமல் மிஞ்சியது என்பார். மூட்டையைப் பிரித்தால் மிஞ்சின சரக்கு மாதிரியே இருக்காது. கோழி எடுத்த கடைக்காரர் முஸ்லிம், அவரும் அடக்க விலைக்குத்தான் கொடுத்தார்.

புரட்டாசி வந்தால் மட்டும் திண்டாட்டம். எங்கள் ஊர்த் தமிழர்கள் தீபாவளியைக்கூடச் சில வருஷம் விட்டுக்கொடுப்பார்கள், புரட்டாசி விரதத்தை விடமாட்டார்கள். கறி பிரியாணியை யார் வாங்குவது? முதல் வருஷம் அந்த மாதம் வசூல் படுத்துவிட்டது. மறுவருஷம் ஆன்ட்டிமார் பீன்ஸ் கறியும் புளிச்சாதமும் போட்டுச் சமாளித்தார்கள். தைப்பூசக் காவடியன்று கோயில் பக்கத்தில் கார் நிறுத்தும் வேலையைப் பையன்களுக்குக் கொடுத்தார்கள். சென்டர் ஃபார்வர்டு வெயிலில் கொடி அசைத்து காரைத் திருப்பிவிட்டதை நான் பார்த்தேன். அவன் ஜூலு பையன், மாலைக்குள் "முருகா" என்று கத்தப் பழகியிருந்தான்.

காசு வந்தால் போதாது, காசு எங்கே போனது என்று ஊர் நம்ப வேண்டும். ஒருமுறை ஏமாந்த ஊர் சும்மா நம்பாது. அதற்கு வழி செய்தவர் தாம்பரத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருந்த கணக்காளர் தம்பி. மாதாமாதம் வரவு, செலவு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரே தாளில் அடித்து ரொட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். ரெஃபரி கட்டணம் உள்பட எல்லாம் அதில் இருக்கும். முதலில் கமிட்டியிலேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை, வீட்டு விஷயத்தைத் தெருவில் ஒட்டுவதா என்றார்கள். ஆனால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் பெர்த்திலும் லண்டனிலும் இருக்கிற பழைய ஆட்டக்காரர்கள் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். தம்பி ஊர் திரும்பிய பிறகு அங்கே நண்பர்களிடம் எங்கள் ஜெர்சியை விற்றிருக்கிறார். உங்களில் பலர் இந்த மடலைப் படிப்பதற்கே அவர்தான் காரணம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை. மாகாணத்தில் 400 பேருக்கு மேல் போய்விட்டார்கள். உம்லதுசானா ஆறு பொங்கியபோது மைதானத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, யோசிக்கவும் கூடாது. பையன்கள் வீடுகளில் சேறு அள்ளினார்கள், தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று முதியவர்களுக்கு வாளி சுமந்தார்கள். சில வாரம் கழித்து மைதானத்துக்குப் போனால், எந்த வீட்டில் அவர்கள் அள்ளினார்களோ அந்த வீட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். மைதானம் காயும் வரை கறுப்பின மக்கள் வாழ்கிற உம்லாசியிலிருக்கிற பக்கத்துக் கிளப் தங்கள் மைதானத்தைத் தந்தது, வாடகை கேட்கவில்லை. முந்தின ஜூலையில் நாட்டில் நடந்த கலவரத்துக்குப் பிறகு இந்தியர்களும் கறுப்பின மக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே தயங்கிய காலம் அது. அதனால் அந்த உதவியின் மதிப்பு எனக்கு இரண்டு மடங்கு. எங்கள் கோச்சும் உம்லாசிக்காரர், பள்ளி ஆசிரியர். ஜூலுவில் நன்றி சொல்கிறேன்: சியபோங்கா, கோச்.

அப்புறம் மின்வெட்டு. ஸ்டேஜ் 6 என்று கடுமையான வெட்டு அறிவித்த நாட்களில் சாயங்காலப் பயிற்சி இருட்டில்தான். அப்பாமார் கார்களை வரிசையாக நிறுத்தி ஹெட்லைட் போட்டார்கள், மறுநாள் காலை பேட்டரி தீர்ந்து ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டுக்கொண்டார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்த சலூன்காரர் ஜெர்சி துவைத்துக் கொடுத்தார்.

குவாண்டம் அங்கிளுக்கு ஒரு வார்த்தை. வாரம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர் சனிக்கிழமை எங்களை ஏற்றினார். டீசலுக்கு மட்டும் வாங்கினார், டோலைத் தானே கட்டினார். வண்டியில் இடம் பற்றாமல் பந்தும் பையும் பின்னால் ஒரு பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், வந்தன. பழைய பாக்கிக்காரர்களில் அவரும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது.

கார்ப்பரேஷனில் புல்வெட்டும் அண்ணன், வேலை நேரம் முடிந்த பிறகும் சுண்ணாம்புக் கோடு போட்டதற்கு. தோற்றுக்கொண்டிருந்த ஆட்டங்களுக்கும் வந்து நின்றவர்களுக்கு. ஏறிய பிறகு போட்டோ எடுக்க மட்டும் வந்த பெரிய மனிதர்களுக்கும் நன்றி, படத்தில் கூட்டம் நன்றாகத் தெரிகிறது.

இனி நடக்க வேண்டியது. கடனில் இரண்டு கடைகள் பாக்கி, கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடலாம் என்று தாள் சொல்கிறது. புது லீக்கில் நியூகாசில், கோக்ஸ்டாட், ஜோசினி என்று தூரம் போக வேண்டும். ஒரு குவாண்டம் போதாது, இன்னொரு டிரைவர் வேண்டும், லைசென்ஸ் சரியாக இருக்கிறவர் மட்டும் சொல்லுங்கள். சம்பளம் இப்போதைக்கு யாருக்கும் கிடையாது, பயணப்படியும் சாப்பாடும் உண்டு. ஸ்பான்சராக வர விரும்புகிறவர்கள் சீசன் பணத்தை முதலிலேயே வங்கியில் போட்டுவிட்டுப் பேச வரலாம். கோயில் அண்டாக்களில் ஒன்றின் கைப்பிடி உடைந்திருக்கிறது, வெல்டிங் கடையில் இருக்கிறது, சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பெயர் விட்டுப்போனவர்கள் ரொட்டிக் கடையில் வந்து என்னைத் திட்டலாம், காலை ஏழு மணிக்கு அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
கமிட்டிக்காக,
செயலாளர்