நனைந்த புத்தகங்களும் மறுபடி எழுதிய சீட்டுகளும்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கடந்த டிசம்பரில் சிங்கப்பூரில் உள்ள என் ஈசூன் வீட்டில் நனைந்துபோன 43 புத்தகங்களைக் காப்பாற்ற ஓடிவந்த அனைவருக்கும் இந்த மடலின் வழியே நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். நேரில் சொல்லாமல் இல்லை. சொன்ன ஒவ்வொரு முறையும் "இதற்கெல்லாமா நன்றி" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள் என்பதால், இம்முறை யாரும் குறுக்கிட முடியாதபடி எழுத்தில் வைக்கிறேன்.

விவரம் அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். நனைந்த நூல்களில் பெரும்பாலானவை எனக்குச் சொந்தமானவை அல்ல. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில், தமிழ்மொழி விழாவையொட்டி நடந்த ஒரு நிகழ்ச்சியில் அறிமுகமான நாங்கள் ஏழு குடும்பத்தார், எங்களுக்குப் பிடித்த நூல்களைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்கு வீடு சுற்றுக்கு விட்டுவருகிறோம். நூலகத்தில் இரவல் வாங்கினால் 21 நாளில் திருப்ப வேண்டும். எங்கள் பைக்குத் தவணை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நூலைப் பையில் போடுபவர் அது தம்மை ஏன் ஆட்கொண்டது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைக்க வேண்டும்; அடுத்தடுத்துப் படிப்பவர்கள் அதன் கீழே தங்கள் மறுமொழியை எழுத வேண்டும். "நல்ல நூல், அவசியம் படிக்கவும்" என்று மட்டும் எழுதிய சீட்டு செல்லாது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஊரே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோதுகூட அந்தப் பை இரும்புக் கதவுகளில் தொங்கிக்கொண்டு தன் சுற்றை முடித்தது.

ஆண்டு முடிவில் சுற்றில் உள்ள நூல்களெல்லாம் ஒரு வீட்டில் கூடும். சென்ற ஆண்டு அந்த முறை என்னுடையது. மேல்வீட்டில் நடந்த புதுப்பிப்புப் பணியில் குழாய் உடைந்து, நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் அறையின் ஒரு மூலை முழுவதும் நனைந்துவிட்டது. யார் மீது குற்றம் என்பது வேறு கதை. அது முடிந்துவிட்டது, இங்கே வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய செய்தி, "புத்தகங்கள் போய்விட்டன, மன்னியுங்கள்" என்பதுதான். அரைமணி நேரத்தில் தெம்பனிசிலிருந்து தம்பியும் அவர் மனைவியும் டாக்சியில் வந்து இறங்கினார்கள். ஆவணப் பராமரிப்பில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் அக்காவை அவர்கள் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார்கள். அதுவரை அறிமுகமே இல்லாத அந்த அக்காவுக்கு என் முதல் நன்றி. நான் முடியுலர்த்தியைக் கையில் எடுத்திருந்தேன். "அதைக் கீழே வையுங்கள்" என்றார். ஈரத் தாளைச் சூடு காட்டி அவசரமாக உலர்த்தினால் அது சுருண்டு நெளிந்துவிடுமாம்; நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் சும்மா விட்டுவைக்கவும் முடியாதாம். லேசாக நனைந்தவற்றை நிமிர்த்தி வைத்து, விசிறிபோல் விரித்து, மின்விசிறிக் காற்றில் விடவும், இடையிடையே உறிஞ்சும் தாளைச் செருகி மாற்றிக்கொண்டே இருக்கவும் சொன்னார். சொட்டச் சொட்ட நனைந்தவற்றை ஜிப் பைகளில் போட்டு பிரீசரில் வைத்துவிட்டால் பூஞ்சை வளராது, பிறகு இரண்டிரண்டாக எடுத்து நிதானமாக உலர்த்தலாம் என்றார்.

அப்படி பிரீசருக்குப் போக வேண்டியவை 14 நூல்கள். என் வீட்டுப் பிரீசரில் நான்குக்குத்தான் இடம் இருந்தது. மற்றவை அன்றிரவே அங் மோ கியோ, உட்லண்ட்ஸ், எதிர்வீடு என்று பிரிந்து போயின. உட்லண்ட்சில் தங்கள் வஞ்சிர மீன் துண்டுகளை வெளியே எடுத்து, ஒரே நாளில் குழம்பும் வறுவலுமாகச் சமைத்துத் தீர்த்து இடம் ஒதுக்கிய தம்பதியருக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்! அங்கே தங்கி வந்த சிறுகதைத் தொகுப்பில் இன்றும் மெல்லிய மீன் வாடை வீசுகிறது.

எதிர்வீட்டுச் சீனப் பெரியவரைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தமிழில் ஓர் எழுத்தும் அறியாத அவர், இரண்டு மின்விசிறிகளைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் மாலையும் வந்து, விரித்து வைத்திருந்த ஒரு தடித்த நாவலைக் காட்டி, அதில் என்ன கதை என்று பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், கேட்டார். அது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வெளிவந்த அந்த நாவல், ஜப்பானியப் படை சுமத்திராவின் மேடான் நகருக்குள் நுழைவதில் தொடங்கி, பாண்டியன் என்ற இளைஞனைக் கடல் கடந்து இட்டுச் செல்கிறது. என் உடைந்த மலாயில் அவன் தொங்கான் என்ற சரக்குப் படகில் ஏறிப் புயலில் சிக்கியதைச் சொன்னபோது, "தொங்காங்!" என்று பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தந்தையார் சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான்களிலிருந்து மூட்டை சுமந்தவராம். 1942இல் ஊர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது இவருக்கு ஆறு வயது. அதன்பின் மாலைதோறும் நான் தாள் மாற்றுவதும், அவர் கதை கேட்பதும், நடுவில் நிறுத்தித் தம் கதையைச் சொல்வதும் வழக்கமாயிற்று. ஒரு நாவலின் மேல் எனக்குள்ள பித்தை இன்னொருவருக்குத் தொற்றவைக்க இத்தனை ஆண்டுகள் சீட்டு எழுதியிருக்கிறேன். எந்தச் சீட்டும் இவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

அந்தச் சீட்டுகளைப் பற்றித்தான் நான் உண்மையில் அழுதேன். நூல்களில் 40 பிழைத்தன; வழவழப்பான தாளில் அச்சிட்டு, பக்கங்கள் கல்லாக ஒட்டிப்போன மூன்றுக்கும் வேறு பிரதிகள் தேடிக்கொள்ளலாம். ஆனால் பென்சிலில் எழுதிய சீட்டுகள் மட்டுமே தப்பின. ஜெல் பேனாவில் எழுதியவையெல்லாம் நீலக் கறையாகக் கரைந்துவிட்டன. இதை நான் குழுவில் சொன்னதும், யாரும் கேட்டுக்கொள்ளாமலேயே ஒவ்வொருவரும் தங்கள் சீட்டை நினைவிலிருந்து எழுதி அனுப்பத் தொடங்கினீர்கள். பழைய சொற்கள் அப்படியே திரும்பவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு நாவலில் வரும் தந்தையை முன்பு வாய் நிறையப் புகழ்ந்திருந்த தம்பி, "இப்போது என் மகளுக்கு 16 வயது. அந்த மனிதரை இனி என்னால் மன்னிக்க முடியாது" என்று எழுதியிருக்கிறார். எந்தப் பழைய சீட்டையும்விட அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என் சீட்டுகளில் ஒன்று எனக்கே நினைவுக்கு வரவில்லை. அங் மோ கியோ அத்தைக்கு வந்தது. கண்புரை அறுவை முடிந்து, படிக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்த நாளில், சிங்காரத்தின் நாவலுக்கு நான் எழுதியிருந்ததைத் தொலைபேசியில் அவர் ஒப்பித்தார்: "முதல் ஐம்பது பக்கங்களில் தெருப்பெயர்கள் மிரட்டும். பயப்படாமல் நடந்து போங்கள், பிறகு அந்தத் தெருக்களில் நீங்களே குடியிருப்பீர்கள்." அத்தை, நான் எழுதி மறந்ததை நீங்கள் இத்தனை காலம் சுமந்து வைத்திருந்ததற்கு என் வணக்கம்.

பிப்ரவரி முதல் ஞாயிறன்று பை தெம்பனிசுக்குப் புறப்படுகிறது. மீன் வாடை வீசும் தொகுப்பை யார் முதலில் எடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். எதிர்வீட்டு மின்விசிறிகளைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கச் சென்றேன். பாண்டியன் கடைசியில் என்ன ஆனான் என்று சொல்லும்வரை வாங்கிக்கொள்ளப் போவதில்லை என்கிறார் பெரியவர். இன்னும் ஆறு அத்தியாயங்கள் இருக்கின்றன.

நன்றியுடன்,
ஈசூன் வாசகி