காட்டுத்தீ எச்சரிக்கையில் காற்றையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வறண்ட காற்று பலமாக வீசும் நாள்களில் விடுக்கப்படும் காட்டுத்தீ அபாய எச்சரிக்கை, நாளிதழ்களில் பெரும்பாலும் வெயில் செய்தியின் கடைசி வரியாகவே இடம்பெறுகிறது. வெப்பநிலை எத்தனை டிகிரி என்பது தலைப்பிலேயே வந்துவிடுகிறது. காற்றின் வேகமும் ஈரப்பதமும் வருவதில்லை. படிப்பவர் எங்கோ தீப்பிடித்துவிட்டது போலும் என்று எண்ணுகிறார், இல்லையெனில் காட்டுப் பக்கம் போகாத தமக்கு இது எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். உண்மையில் அந்த எச்சரிக்கையின் பொருள் வேறு. இன்று எங்கும் தீ இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு பொறி விழுந்துவிட்டால் அதைக் கட்டுப்படுத்துவது எவருக்கும் இயலாமல் போகலாம் என்பதே அது.

ஈரப்பதம் குறையும்போது முதலில் காய்பவை மரங்கள் அல்ல, புல்லும் சருகும் சுள்ளியும்தான். விரல் பருமன்கூட இல்லாத இவை ஓரிரு மணி நேரத்திலேயே சுற்றியுள்ள காற்றின் வறட்சியை வாங்கிக்கொள்வதால், காலையில் பனியில் நனைந்து கிடந்த புல், நண்பகலுக்குள் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும் பதத்துக்கு வந்துவிடுகிறது. காற்று தீயை வளர்ப்பதோடு நிற்பதில்லை. சுவாலையை முன்னே சாய்த்து, இன்னும் எரியாத புதரையும் சூடேற்றி உலர்த்துகிறது. எரியும் மரப்பட்டைகளைத் தூக்கிச் சென்று சாலைக்கும் ஆற்றுக்கும் அப்பால் போடுகிறது. காட்டுத்தீயில் அழியும் வீடுகள் பலவும் சுவாலை வந்து தொட்டதால் எரிவதில்லை. கூரை இடுக்கில் சேர்ந்த சருகில் விழுந்த ஒரு கங்கே போதுமானதாக இருக்கிறது. காற்று திசை மாறினாலோ, தீயின் நீண்ட பக்கவாட்டு விளிம்பு முழுவதும் அதன் முகப்பாகிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று 173 பேரைப் பலிகொண்ட தீயில், மாலையில் வந்த தென்மேற்குக் காற்று இதைத்தான் செய்தது.

நீறு பூத்த நெருப்பு என்று நாள்தோறும் சொல்கிறோம். அதன் பொருளை நான் கண்ணால் கண்டது, தோட்டத்தில் எரித்த ஒரு சருகுக் குவியலில்தான். மாலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மேலே சாம்பல் கறுத்து அடங்கிக் கிடந்தது. மறுநாள் நண்பகலில் காற்று எழுந்ததும் அந்தச் சாம்பல் ஓரமாகப் பறந்து, அடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கங்கு சிவந்து தெரிந்தது. கிளறிவிட்டு மீண்டும் தண்ணீர் ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் நகர்ந்தேன். அந்த நேரத்தில் நான் வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் லஹைனா நகரில் 100 பேருக்கும் மேல் உயிரிழந்த தீ, காலையில் மூண்டு, அணைந்துவிட்டதாகக் கருதப்பட்ட தீ பிற்பகலில் காற்றில் மீண்டும் உயிர்பெற்றதே என்று அதிகாரப்பூர்வ விசாரணை கண்டறிந்தது. தீ எளிதில் பரவும் வானிலைக்கான செங்கொடி எச்சரிக்கை அங்கு முன்கூட்டியே விடுக்கப்பட்டிருந்தது என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

குப்பை எரிப்பது மட்டுமல்ல. கல்லில் படும் புல்வெட்டும் இயந்திரத்தின் தகடு, வெளியில் செய்யும் வெல்டிங், காய்ந்த புல்லின் மேல் நிறுத்திய வண்டியின் சூடான சைலன்சர் என எல்லாமே எச்சரிக்கை உள்ள நாளில் ஆபத்தானவை. கலிஃபோர்னியாவின் ரெடிங் நகருக்கு அருகே 2018 ஜூலையில் மூண்ட பெருந்தீ, வேறொரு வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லப்பட்ட, டயர் பழுதான ஒரு வண்டியின் சக்கர விளிம்பு சாலையில் உராய்ந்ததால் தொடங்கியது.

ஆகவே தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இது. எச்சரிக்கை உள்ள நாளில் வானிலைப் பகுதியில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே காற்றின் வேகம், அது திசை மாறக்கூடிய நேரம், பிற்பகலின் மிகக் குறைந்த ஈரப்பதம் ஆகியவற்றை வெளியிடுங்கள். 'அதிகம்', 'மிக அதிகம்', 'தீவிரம்' என்ற சொற்களை மட்டும் அச்சிட்டால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன வேறுபாடு என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? ஆஸ்திரேலியா 2022 செப்டம்பரில் தன் அபாய நிலைகளை நான்காகச் சுருக்கியபோது, ஒவ்வொரு நிலையோடும் மக்கள் செய்யவேண்டியதையும் சேர்த்தே அறிவித்தது. உச்ச நிலையில், உயிர்பிழைக்க அப்பகுதியை விட்டு வெளியேறுங்கள் என்றே சொல்கிறது.

எச்சரிக்கை விடுத்த நாளில் தீ மூளாவிட்டால், மறுநாள் 'பொய்த்த எச்சரிக்கை' என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டுகிறேன். அன்று எத்தனையோ பேர் குப்பைக்குத் தீ வைக்காமல் விட்டிருப்பார்கள். அது எந்தக் கணக்கிலும் வராது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்