முறைப்பாடு: மணலில் சூடாகும் ஜீப்பை தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு பில் போட்ட உங்கள் கிளை

நிலாவெளி,
திருகோணமலை.

சேவைப் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

என்னுடைய 1994ஆம் ஆண்டு பஜேரோ ஜீப்பைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. பில்கள் எல்லாம் உங்கள் திருகோணமலைக் கிளையில் இருக்கின்றன. போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன். தயவுசெய்து இதையாவது முழுதாக வாசியுங்கள்.

முதல் நாளே தெளிவாகச் சொன்னேன். கந்தளாய் வரை ஓடினாலும் ஹீட் முள் பாதிக்கு மேல் ஏறாது. கடற்கரை மணலில் நாலு சில்லும் மெல்ல இழுக்கும் ஃபோர் வீல் லோ கியரில் போட்டுப் படகை இழுக்கும்போதுதான் சிவப்புக்குப் போகிறது. ரோட்டில் வேகமாக ஓடினால் காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். மணலில் மெல்ல ஊர்ந்து பாரம் இழுக்கும்போது விசிறி ஒன்றுதான் கதி. வாகனம் திருத்துகிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டுமா? உங்கள் ஆட்கள் உப்புவெளிப் பக்கம் தார் ரோட்டில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, ஒரு பிழையும் இல்லை என்றார்கள்.

பிழை இல்லை என்றவர்கள்தான் அப்புறம், சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற தேர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். முள் இறங்கவில்லை. வாட்டர் பம்பை மாற்றினார்கள். பிறகு ரேடியேட்டர். எல்லாம் என் காசு. கழற்றிய தேர்மோஸ்டாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டியில் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தேன். 82 பாகை என்று பொறித்திருந்த அந்தச் சாமான், தண்ணீர் கொதிக்கும் முன்பே அழகாக வாயைத் திறந்தது. நல்ல சாமானைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் என்னிடம் பில் நீட்டியிருக்கிறீர்கள். செம்பு கோர் போட்ட என் பழைய ரேடியேட்டர் எங்கே? அதைக் கேட்டபோதுதான் உங்கள் கவுண்டரில் இருக்கும் தம்பி, போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: “பழைய வாகனமெண்டா சூடாகத்தான் செய்யும். ஏலாட்டி வித்துப்போட்டு வேற ஒண்டு எடுங்களன்.” என் தலை நரைத்துவிட்டது ஐயா. அவர் வயதில் எனக்குப் பிள்ளை இருக்கிறது. சுற்றிவர ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொழும்புக்கு அனுப்பிய கதையை என்னவென்று சொல்வது! தலைமை வேர்க்‌ஷொப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். பகல் சூட்டுக்குப் பயந்து, இரவோடிரவாக ஹபரணை, தம்புள்ளை வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர் ஓட்டிப்போனேன். அங்கே ஒரு பொடியன் டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து தேடிவிட்டு, ஸ்கேனர் குத்த இடமில்லை என்றான். எப்படி இருக்கும்? இதில் டீசல் பம்பே மெக்கானிக்கல். உங்களிடம் சேர்விஸ் செய்கிற வாகனத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாமலா ஒரு மனிதனைக் கொழும்புக்கு அனுப்புவது? சாப்பிட்டீர்களா என்று கேட்கவும் ஆளில்லை.

கடைசியில் எங்கள் ஊர் மெக்கானிக் பாஸ் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கண்டுபிடித்தார். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டு, விசிறி இதழை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது தாராளமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. எஞ்சின் சூட்டில், விசிறியைச் சுழற்றும் விஸ்கஸ் கிளச் இறுகிப் பிடிக்க வேண்டும் அல்லவா? கிளச்சின் முகப்பில் சிலிக்கன் எண்ணெய் கசிந்து, தூசியோடு கறுத்து அப்பியிருந்தது. உங்கள் பில்லில் ‘கூலிங் சிஸ்டம் முழுப் பரிசோதனை’ என்று அச்சடித்திருக்கிறது. முழுப் பரிசோதனை செய்தவர்களின் கண்ணில் அந்தக் கறுப்பு படவே இல்லையா?

இந்த 4டி56 எஞ்சினில் அடிப்பகுதியான பிளொக் இரும்பு, அதன் மேல் பூட்டியிருக்கும் ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் அடிபடுவது ஹெட்தான். நீங்கள் பயமில்லாமல் ஓட்டச் சொன்னீர்கள், ஓட்டினேன். இப்போது காலையில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே குமிழி குமிழியாக வருகிறது; ஹெட் பக்கம் அடிபட்டதற்கு அதுதான் அடையாளம். புறாமலைத் தீவுக்குப் படகில் ஆட்களை ஏற்றும் சீசன் முழுவதும் போய்விட்டது. என் குடும்பத்தின் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டீர்கள். இனி நான் தலைநிமிர எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது.

வேண்டாத சாமான்களுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஹெட் வேலையை உங்கள் செலவில் செய்து தாருங்கள். என் செம்பு ரேடியேட்டரையும் தாருங்கள். உங்கள் கிளையில் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். இம்மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் போவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க எனக்கும் தெரியும். பில்கள், கழற்றிய தேர்மோஸ்டாட், விசிறி சுற்றும் வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

ஜீப் வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறது. ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க விரும்பினால் வேலை தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். கவுண்டர் தம்பியை மட்டும் அனுப்ப வேண்டாம்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்