காற்றைப் படிக்கிறேன், செல்வி

வோக்கிங்,
ஜூலைக் கடைசி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடு. பார்வை தெளிந்ததும் "போதும்டி" என்பார்கள், கேட்காதே.

கயல் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டாள் என்று பெருமையாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "உனக்கு எதுக்குடி இந்த வயசுல துப்பாக்கி?" என்று கேட்டிருக்கிறாய். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பிஸ்லி என்ற துப்பாக்கி சுடும் மைதானம் இருக்கிறது. இங்கிலாந்தில் தூரக்குறி சுடுகிறவர்களுக்கு அதுதான் தலைமையிடம். முதலில் தூரக்குறிப் போட்டிகள் லண்டனில் விம்பிள்டன் பொதுவெளியில் நடந்தன. 1860-இல் விக்டோரியா ராணி, தாங்கியில் பொருத்திய ஒரு விட்வொர்த் ரைஃபிளின் விசையைக் கயிற்றால் இழுத்து, 400 கெஜத்தில் முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். 1890-இல் பிஸ்லிக்கு மாறியது. ஒவ்வொரு ஜூலையிலும் பெரிய போட்டி இங்கேதான். அதில் முதன்மையான 'ராஜா பரிசு' (King's Prize) போட்டியின் கடைசிச் சுற்று 900 கெஜம், 1000 கெஜம் தூரத்தில் நடக்கும். ஆண், பெண் என்று தனித்தனியாகப் பிரிப்பதில்லை. 1930-லேயே மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண் ஆண்கள் எல்லோரையும் முந்தி அந்தப் பரிசை வாங்கிவிட்டார். கயலுக்கு இதைக் கட்டாயம் சொல்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் ஒருவன் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் அவர்களின் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு இங்கே கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்யப்பட்டன. ரைஃபிள் சொந்தமாக வைத்துக்கொள்ள போலீஸ் சான்றிதழ் வேண்டும். அதற்கு முன் அங்கீகாரம் பெற்ற கிளப்பில் மாதக்கணக்கில் பழகுநராக இருக்க வேண்டும், டாக்டரிடம் கேட்பார்கள், பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டியைப் பார்ப்பார்கள். இந்தக் கெடுபிடி இல்லாத ஊரில் நான் இதைத் தொட்டிருக்கவே மாட்டேன். இப்போது கிளப் ரைஃபிளில்தான் சுடுகிறேன். அது கிளப்பிலேயே இருக்கிறது.

சரி, ஆயிரம் கெஜம் என்றால் 914 மீட்டர். தோட்டா அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் எட்டு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். கேட்கப் பயமாக இருக்கிறதல்லவா? ஆனால் அந்த இறக்கம் ஒரு பொருட்டே இல்லை. பூமியின் இழுப்பு நாளுக்கு நாள் மாறாது. பின்பக்கக் குறிகாட்டியை உரிய அளவு உயர்த்திவிட்டால் தீர்ந்தது. ஆட்டம் முழுக்கக் காற்றோடுதான். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசினால் தோட்டா இரண்டு மீட்டருக்கு மேல் ஒதுங்கும். ஐந்து புள்ளி தரும் நடு வட்டத்தின் அகலமோ சுமார் இரண்டடி. காற்றை இரண்டு மைல் கூட்டியோ குறைத்தோ கணித்தாலே அந்த வட்டம் போய்விடும்.

குப்புறப் படுத்துத்தான் சுடுவோம். ஆனால் காற்றினால், படுத்தவுடன் யாரும் சுடுவதில்லை, பார்க்கிறோம். மைதானம் நெடுக உள்ள கொடிகள் எந்தக் கோணத்தில் பறக்கின்றன, பக்கத்துக் கொடியும் தூரத்துக் கொடியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்போம். வெயில் இருந்தால் தொலைநோக்கியில் கானல் தெரியும். அது ஒரு பக்கமாக ஓடினால் காற்றும் அந்தப் பக்கம். நேர் மேலே கொதித்தெழுந்தால் குறுக்குக் காற்று இல்லை. ஆனால் அந்தக் கொதிப்பை நம்பிச் சுடுவது ஆபத்து, அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காற்றும் அப்படித்தான். சாது மாதிரி இருக்கும். லேசாகச் சாய்ந்தால் வலம், மறுபடி சாய்ந்தால் இடம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் வளர்ந்தவர்கள் நாம். அன்றைக்கு அதைப் பாவாடையைப் பறக்கவிடும் தொல்லையாக மட்டும்தான் நினைத்தேன். இப்போது மரத்தைப் பார்த்தால் கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் கண் முதலில் போகிறது.

உடம்பு விஷயம் நர்ஸான எனக்கு இன்னும் பிடித்தது. தோல் வாரை இடது மேல்கையில் மாட்டி ரைஃபிளைத் தாங்குவோம். வார் பொருந்தாத இடத்தில் இறுகினால் என் நாடி ரைஃபிளுக்கு ஏறிவிடும், ஒவ்வொரு துடிப்புக்கும் குறி அசையும். இத்தனை வருஷம் பிறர் நாடியை விரலால் எண்ணினேன். என் நாடியைக் கண்ணால் பார்ப்பது இங்கேதான். மூச்சை வெளியே விட்டபின், அடுத்தது உள்ளே வருவதற்குள் தானாக ஒரு சின்ன ஓய்வு வருமே, அதற்குள் விசையை அழுத்த வேண்டும். அந்த ஓய்வு நீண்டுபோனால் கண் மங்கும். அப்போது விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

சுடுவது பாதி வேலைதான். மறுபாதிக்கு முறை வைத்து குறிப்பலகைக்கு அடியிலுள்ள பள்ளத்தில் இறங்குவோம். தலைக்கு மேல் சாட்டை சொடுக்கினாற்போல் ஒரு சத்தம். தோட்டா ஒலியை முந்தி வருவதால் அப்படி. துப்பாக்கி வெடித்த ஓசை அதற்குப் பிறகுதான் வந்து சேரும். உடனே பலகையை இறக்கி, பழைய ஓட்டையைத் தாள் ஒட்டி மூடி, புதியதில் வட்டத் தகட்டைச் செருகி, மேலே ஏற்றுவோம். அங்கே படுத்திருப்பவர் அந்தத் தகட்டைப் பார்த்துத்தான் அடுத்த காற்றைக் கணக்கிடுவார். நான் சோம்பினால் அவர் கணக்கு கெடும். முகம் தெரியாத ஒருவருக்காக இப்படிக் கவனமாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கயலிடம் ஒன்று சொல். குறி பார்த்தபின் கண்ணை மூடி ஒருமுறை மூச்சு விட்டுத் திறக்கட்டும். குறி நகர்ந்திருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. உடம்பையே கொஞ்சம் திருப்பிப் படுக்க வேண்டும். அவளுடைய பயிற்சியாளரும் இதைச் சொல்லியிருப்பார், இருந்தாலும் சொல். சுட்ட தாள்களைத் தேதி போட்டு வைக்கச் சொல், டிசம்பரில் வரும்போது பார்க்கிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்,
மீனா