விளக்கம் கேட்டால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உசிலம்பட்டிப் பக்கம் மழை இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

ஓசூர் பக்கம் தளியில் நீ பொறுப்பு எச்.எம்.-ஆக இருக்கிற பள்ளிக்கூடத்தின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து நாளாச்சு. மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். 24 பேர் எழுதி 3 பேர் ஃபெயில், 87.5 சதவீதம். ரிசல்ட் ஏன் குறைந்தது என்று மேலிடத்தில் யாராவது விளக்கம் கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எப்படி எழுதணும் என்று மட்டும் சொல்கிறேன்.

வெறும் சதவீதத்தை எழுதாதே. எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை முதல் வரியிலேயே போடு. 24 பேரில் ஒரு பிள்ளை போனாலே 4 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிடும். 200 பேர் எழுதுகிற இடத்தில் அதே ஒரு பிள்ளை அரை சதவீதம். ஒன்பதாவதில் இருந்தவர்கள் எல்லாரும் பத்தாவது எழுதினார்களா என்று கேட்டுப் பார், பல பேருடைய நூறு சதவீதம் ஆடிப்போகும். டி.சி. கொடுத்து அனுப்பின பிள்ளை யார் கணக்கில் வரும்? நீ ஒருத்தரையும் அனுப்பவில்லை. அதையும் எழுது.

தளிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடமும் தெலுங்கும். அவர்களை ஓசூர் மெட்ரிகுலேஷன் பள்ளிகளோடு ஒப்பிட்டால் என்ன நியாயம்? அரசுப் பள்ளி, ஆண் பெண் சேர்ந்தது, இதே அளவு பிள்ளைகள், இதே மலைக்காடு, அப்படி நாலைந்து பள்ளிக்கூடம் எடு. ஒரு வருசம் போதாது, சில வருசத்தைச் சேர்த்துப் பார். 2020, 2021 மட்டும் வேண்டாம். கொரோனாவில் பரீட்சையே இல்லாமல் எல்லாரும் பாஸ். பாடவாரியாகவும் போடு. கணக்கு டீச்சர் இடம் காலியாகக் கிடந்த மாசங்களை விட்டுவிடாதே. சொன்னேனே, வெறும் சதவீதத்தை எழுதாதே.

இங்கே அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தபோதும் இதே கூத்துதான். மீட்டிங்கில் மதுரை டவுன் பள்ளிக்கூடங்களோடு வரிசை போட்டு எழுப்பி நிற்க வைப்பார்கள். விடியுமுன் மல்லிகைப்பூ பறித்துவிட்டு வந்து முதல் பீரியடில் தலை சாய்கிற பிள்ளைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. செக்கானூரணி, செல்லம்பட்டிக் கள்ளர் பள்ளிகளோடு வைத்துப் பார்த்தால் நாங்கள்தான் மேலே. 2017-லேயே பிள்ளைகளுக்கு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியாச்சு. வாத்தியார்களுக்குத்தான் இன்னும் விடிவில்லை.

பொறுப்பு எச்.எம். ஆகி மலையில் ஒரு பள்ளிக்கூடத்தையே தூக்கி நிறுத்துகிறாள் என் மகள் என்று ஊரெல்லாம் சொல்கிறேன். சொல்கிறவனுக்கு ஒரு போன் போட முடியாதா? மாறுதல் கலந்தாய்வில் மதுரை மாவட்டம் கேள் என்றேன், அதையும் கேட்கவில்லை. சரி, உன் இஷ்டம்.

சித்தப்பாவுக்கு 17பி குற்றச்சாட்டு மெமோ வந்த வருசம் மாதிரி நீயும் சாப்பிடாமல் கிடக்காதே. அந்த மூணு பேருக்கும் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியாச்சா? கட்டாவிட்டால் நீயே கட்டு, நான் அனுப்புகிறேன். விளக்கத்தைக் கொடுக்கும் முன்னால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அம்மா போனுக்கு வேண்டாம்.

அப்பா