குனிய வராத அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய சிரசாசனப் படத்தை அம்மா கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். "இப்போது சரியாக நிற்கிறாள், முடி மட்டும் வானத்துக்குப் போகிறது" என்றாள். தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டியாயிற்று. மெல்பர்னில் 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டாய் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாயே: "இருபது வருடமாக யோகா செய்கிறீர்கள், இன்னும் குனிந்து கால்விரலைத் தொட வராது. அப்படியானால் இத்தனை நாள் என்னதான் செய்தீர்கள் அப்பா?"

போனில் பதில் சொல்லியிருக்கலாம். அம்மா இடையில் புகுந்து வேறு கதைக்குப் போய்விடுவாள். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கால்விரல் வராது. முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை வரை கை போகும். அதற்கு மேல் முதுகு ஒத்துக்கொள்வதில்லை. நூல் கடையில் முப்பத்தோரு வருடம் கணக்குப் பெட்டிக்கு முன்னால் வளைந்து உட்கார்ந்த முதுகு அது.

2004இல் ரத்த அழுத்தம் 160ஐத் தாண்டியபோது மருத்துவர் மாத்திரையோடு "கொஞ்சம் யோகாவும் செய்யுங்கள்" என்றார். மனவளக்கலை மன்றத்தில் சேர்ந்தேன். மனவளக்கலை என்ற எளிய யோக முறையை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி அப்போது உயிரோடு இருந்தார், ஆழியாறில். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்து, தானும் தறியில் உட்கார்ந்தவர். நம் ஊர் தறிக்காரர்களுக்கு அவர் சொல்வது புரிந்ததில் ஆச்சரியமில்லை. நான் உடம்பை வளைக்கச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டு போனேன். கை, கால், மூச்சுப் பயிற்சி எல்லாம் எளிமையாகத்தான் இருந்தது. என்னை மாட்டிவிட்டது வேறு.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார்கள். யார் யார் மீது சினம் வருகிறது, எத்தனை முறை, எதற்காக என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். கணக்கு எழுதுவது எனக்குப் பழகிய வேலைதானே. கோடு கிழித்து, தேதி போட்டு, பேரேடு மாதிரியே எழுதினேன். ஒரு வாரம் முடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். உன் அம்மா 9. அப்பத்தா 6. நீ 5. சில்லறை தராத பஸ் நடத்துநர் 1. கடை முதலாளி, சுழி.

அந்தச் சுழியை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளிக்குப் போனஸைப் பாதியாக்கியவர், பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "ஏய் கணக்கு" என்று கூப்பிட்டவர். அவர் மீது எனக்கு ஒரு முறைகூடச் சினம் வந்ததில்லை. பயம் வந்தது. அந்தப் பயம் சைக்கிளில் என்னோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போது சினமாகிவிடும். கடையில் வரவு வைத்ததையெல்லாம் வீட்டில் செலவு எழுதிக்கொண்டிருந்தேன். திருப்பி அடிக்க முடியாதவர்கள் மீது மட்டும் சினம் வருகிற ஆள் நான் என்பது என் கையெழுத்திலேயே இருந்தது.

நீ ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் 41 வாங்கிய நாள் நினைவிருக்கும். நான் தட்டை வீசினேன். ரசம் சுவரில் வழிந்து, இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும் மஞ்சளாகத் தெரிந்தது. அன்று காலையில் கடையில் நாற்பது சிப்பம் நூல் கணக்கில் வரவில்லை என்று முதலாளி எல்லோர் முன்னாலும் என் பேனாவைப் பிடுங்கி எறிந்திருந்தார். சீட்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது, மாலையில்தான் கிடைத்தது. உன் 41க்கும் அந்த ரசத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அம்மணி. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. கால்விரலைத் தொடுவது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கலாம்.

அதன் பிறகுதான் யோகா என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்து நூலகத்தில் தேடிப் படித்தேன். யோகத்துக்கு மூல நூல் எழுதிய பதஞ்சலியின் சூத்திரங்கள் 195. சில பதிப்புகளில் ஒன்று கூடுதல். அதில் ஆசனத்துக்கு ஒதுக்கியிருப்பது மூன்றே மூன்று. எந்த ஆசனத்தின் பெயரையும் அவர் சொல்லவில்லை. அசையாமலும் சுகமாகவும் இருப்பது ஆசனம், அவ்வளவுதான். ஆசனம் என்ற சொல்லுக்கே இருக்கை என்றுதானே பொருள். இரண்டாவது சூத்திரத்திலேயே சித்தத்தின் அலைச்சலை நிறுத்துவது யோகம் என்று விஷயத்தை முடித்துவிட்டு, மீதியில் அது ஏன் முடியவில்லை என்பதைத்தான் விரித்துச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும். பண்டிதர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

உன் சிரசாசனத்தைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. உன் ஆசிரியையின் ஆசிரியரைத் தேடிக்கொண்டு போனால், பெரும்பாலும் 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையில்தான் போய் நிற்பாய். யோகாவை மேல்நாடுகளுக்குக் கொண்டுபோன பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் கற்றவர்கள். பிறகு அவர் சென்னைக்கு வந்து, வருகிறவரின் வயதுக்கும் நோய்க்கும் ஏற்றபடி ஆசனத்தை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்தார். 1989இல் நூறு வயதில் இறந்தார். நான் அவரிடம் போயிருந்தால் என்னை நாற்காலியில் உட்கார வைத்திருப்பார் என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

புத்தகம் படித்ததில் ஒரு விபரீதமும் நடந்தது. திருமூலர் மூச்சுக்கு மாத்திரைக் கணக்குச் சொல்கிறார், மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம்: இழுக்கப் பதினாறு, அடக்க அறுபத்து நாலு, விட முப்பத்திரண்டு. கணக்கு என்றதும் எனக்குக் கை பரபரத்தது. ஆசான் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஒரு விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து அறுபத்து நாலை எட்டிவிடுவது என்று அடக்கினேன். நாற்பதில் கண் இருட்டி, தூணில் தலை மோதிச் சாய்ந்தேன். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மூச்சு விடுவதற்குமா புத்தகம் பார்ப்பார்கள்?" என்றாள். நீயும் அங்கே யாரிடமும் கேட்காமல் அடக்கிப் பார்க்காதே.

கண்ணை மூடி உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று கேட்பாய். பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. உன் அப்பாரு குழித்தறியில் நெய்துகொண்டிருப்பார். பாவில் ஓர் இழை அறுந்தால் நாடாவை நிறுத்தி, அறுந்த இரண்டு முனையையும் தேடி எடுத்து, விரலில் எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி மிதியை மிதிப்பார். ஒரு முழத்துக்குள் அப்படி எத்தனையோ முறை. பாவு ஓடியவனைத் திட்டுவார், நூல் விற்றவனைத் திட்டுவார், இழையை மட்டும் திட்டமாட்டார். என் தவமும் அப்படித்தான். நினைப்பு அறுந்துகொண்டு எங்கேயோ ஓடும், முனையைத் தேடிக்கொண்டு வந்து முடிவேன். அரை மணி நேரத்தில் முடிச்சுதான் அதிகம், துணி குறைவு.

இத்தனையும் செய்து நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பத்தா விழுந்தாள். நீ விமானம் ஏறிய மறுவருடம். வலது பக்கம் வரவில்லை, பேச்சு குழறியது. மூன்று வருடம். உனக்குப் போனில் "நன்றாக இருக்கிறாள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஓர் இரவு கஞ்சி ஊட்டும்போது மூன்றாம் முறையாகத் துப்பினாள். என் சட்டை, படுக்கை, அப்போதுதான் மாற்றிய விரிப்பு. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தேன் என்பது மரியாதையான சொல். காலையில் பார்த்தால் மூன்று விரலின் தடம் நீலமாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் தேங்காய் எண்ணெய் தடவினாள். ஏழு வருடத் தவம் ஒரு கஞ்சிக் கரண்டியில் போயிற்று.

அன்று முதல் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவதை விட்டுவிட்டேன். என் பலகையை அப்பத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். இருக்கை அங்கேதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. மன்றத்தில் "நான் யார்" என்று விசாரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே அப்பத்தா "நீ யாரு" என்று விசாரித்தாள். ஓர் இரவுக்கு இருபது முறை. "நான்தான் அம்மா, உன் பையன்." முதல் பத்து முறை பதில் சொல்வது கஷ்டமில்லை. பதினொன்றாவது முறை தொண்டைக்குள் ஏதோ சூடாக ஏறும். அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பதினொன்றாவது முறையும் அதே குரலில் சொல்ல வேண்டும். எல்லா இரவும் என்னால் முடிந்தது என்று பொய் சொல்லமாட்டேன். முடியாத இரவுகளில் எழுந்து வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அம்மா வந்து உட்காருவாள்.

மாலையில் அப்பத்தாவுக்கு டீயோடு இரண்டு பிஸ்கட். ஒன்றரை தின்பாள். மீதி அரையை நாங்கள் பார்க்காத நேரம் தலையணை உறைக்குள் செருகிவிடுவாள். நமக்கு எறும்பு வந்த பிறகுதான் தெரியும். கழுத்தோரம் எறும்பு கடித்துச் சிவந்திருக்கும். ஒருநாள் உறையை உதறிக்கொண்டே, "எதற்கம்மா இதை ஒளித்து வைக்கிறாய், யார் பிடுங்கப் போகிறார்கள்?" என்று கேட்டேன். குழறிக் குழறிச் சொன்னாள்: பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். உனக்குத்தான் அந்த அரை பிஸ்கட். உனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, மெல்பர்னில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய்.

பதஞ்சலி யோகத்தின் முதல் படியான இயமத்தில் ஐந்து சொல்கிறார். கொல்லாமை, பொய்யாமை, திருடாமை, பிரமசரியம், பொருளைச் சேர்த்து வைக்க ஆசைப்படாமை. திருமூலர் அதே இயமத்தைப் பாடும்போது கொல்லான், பொய்கூறான், களவிலான் என்று தொடங்கி நடுவில் "பகுத்துண்பான்" என்று ஒரு சொல்லை வைக்கிறார். முதலில் படித்தபோது மூச்சையும் முதுகுத்தண்டையும் பற்றிப் பேசுகிற இடத்தில் சோற்றைப் பங்கு வைப்பதற்கு என்ன வேலை என்று தாண்டிப் போய்விட்டேன். தலையணை உறையை உதறிய அன்று இரவு புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். அப்பத்தா யோகா என்ற சொல்லை வாழ்நாளில் உச்சரித்திருக்கமாட்டாள். அதன் பிறகு அரை பிஸ்கட்டை எறும்பு வருவதற்குள் எடுத்து மாடத்தில் வைத்துவிட்டு, காலையில் காக்கைக்குப் போடுவது என் வேலையாயிற்று. கடைசி வாரம் வரை வைத்தாள்.

முதலாளி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பாதியில் விட்டால் உனக்குப் பிடிக்காது. ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் மறுபடி ஒரு சீட்டு காணாமல் போயிற்று. மறுபடி "ஏய் கணக்கு". எனக்குக் கை நடுங்கியது. ஆனால் குரல் நடுங்கவில்லை. "உங்கள் சட்டைப் பையில் பாருங்கள். என் பெயர் தெரியுமல்லவா, இனி அதைச் சொல்லியே கூப்பிடுங்கள்" என்றேன். பையில்தான் இருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பெயரையும் சொல்லவில்லை, "இங்கே வாங்க" என்று பொதுவாகக் கூப்பிட ஆரம்பித்தார். அன்று வீட்டுக்கு வந்து நான் செருப்பைக் கழற்றியதை அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற நாட்களில் அந்தச் சத்தத்துக்கு அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

தைப்பூசத்துக்கு வருகிறாய் அல்லவா? சென்னிமலைக்கு நடந்தே ஏறுவோம். 1320 படி. நான் நடுவில் நாலு இடத்தில் உட்காருவேன், நீ சிரசாசனம் எல்லாம் செய்து காட்டாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். தலைகீழாக நிற்கும்போது பாரம் முழுவதும் முன்கையில் இருக்கட்டும், கழுத்தில் இறங்க விடாதே. இது உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பேரேட்டை நான் இன்னும் நிறுத்தவில்லை. போன மாதக் கணக்கு: அம்மா 2, பக்கத்து வீட்டு நாய் 4, நான் 3. உன் பெயர் இல்லை. ஆனால் கால்விரலைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்ததும் பென்சிலைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அன்புடன்,
அப்பா