பதிவுச் சான்றிதழைப் பார்த்துத்தான் வேலையைக் கொடுத்தோம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு மலரில் வீடு கட்டுவோருக்கான ஆலோசனைக் கட்டுரையை வாசித்தேன். பதிவு பெற்ற ஒப்பந்தகாரரிடம் வேலையை ஒப்படைத்தால் ஏமாற இடமில்லை, ஏமாந்தவர்கள் பெரும்பாலும் விலை குறைவென்று பதிவில்லாதவர்களிடம் போனவர்கள்தான் என்று அதில் ஒரு வரி வந்திருந்தது. பதிவு பெற்ற ஒப்பந்தகாரர்தான் எங்கள் வீட்டை இடையில் விட்டுப் போனவர். என் மனைவியும் அந்த வரியை வாசித்தார். "நாங்கள் விலை குறைவெண்டோ போனனாங்கள்?" என்று கேட்டார். அவருக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பலரிடம் எஸ்ரிமேற் வாங்கி, கூடுதலாகக் கேட்டவருக்கே வேலையைக் கொடுத்தோம். ஒப்பந்தகாரர்களைப் பதிவு செய்யும் அரச நிறுவனமான நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு அவரிடம் மட்டும்தான் இருந்தது. தரம், இலக்கம், காலாவதியாகும் திகதி எல்லாவற்றையும் பார்த்தேன். கணிதம் படிப்பித்தவன் நான். வாசிக்காத தாளில் கையெழுத்து வைப்பதில்லை. சட்டத்தரணி எழுதிய ஒப்பந்தம் இருக்கிறது. கொடுத்த காசு ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு இருக்கிறது. இதற்கு மேல் ஒரு வீட்டுக்காரன் என்ன கவனம் எடுக்க வேண்டும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தால் உண்மையிலேயே பயனாக இருந்திருக்கும்.

எங்கள் காணி யாழ்ப்பாணத்தில், மயிலிட்டிக் கடற்கரைப் பக்கம். போரால் 1990 ஜூனில் வெளிக்கிட்டோம். 2017 ஜூலையில் இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டபோது வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. கிணற்றை வைத்துத்தான் எல்லையைக் கண்டுபிடித்தோம். எங்கள் பிரதேசமான வலிகாமம் வடக்கில் எத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு இதே கதை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அழிந்த வீட்டுக்கு நட்டஈடு கேட்டுப் படிவம் நிரப்பியதும், அதே படிவத்தைப் புதிய தாளில் மறுபடியும் நிரப்பியதும் இன்னொரு கதை. சரி, அதை விடுவோம். என் பணிக்கொடை, மனைவியின் நகை அடைவு, வங்கிக் கடன், ரொறன்ரோவில் இருக்கும் தம்பி அனுப்பியது எல்லாவற்றையும் சேர்த்து 2021 இல் நிலையம் எடுத்து, அதாவது வீடு வரும் இடத்தைக் குறித்து, அத்திவாரம் வெட்டினோம்.

ஆரம்பத்தில் வேலை நன்றாகத்தான் நடந்தது. கதவுநிலை வைத்தபோது சொந்தக்காரர் எல்லோரும் வந்தார்கள். பிறகு சாமான் விலை ஏறியது. ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை 2022 இல் இரண்டாயிரத்தையும் தாண்டிப் போனது எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் பேசிய தொகைக்கு அவரால் கட்ட முடியாது என்பது எனக்கும் விளங்கியது. ஆகவே கூட்டிக் கொடுத்தேன், அதற்கும் எழுத்து இருக்கிறது. கதவு யன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் முடிந்து பீமுக்குக் கம்பி கட்டியதும், கூரை மரமும் ஓடும் ஒன்றாக வாங்கினால் விலை ஏறமுதல் பிடிக்கலாம் என்றார். 14 இலட்சம் கொடுத்தேன். மரமும் வரவில்லை, ஓடும் வரவில்லை.

முதலில் டீசல் இல்லை என்றார். அது உண்மை, அந்தக் காலத்தில் யாரிடம்தான் இருந்தது? பிறகு மேசன்மார் வேறு இடம் போய்விட்டார்கள் என்றார். அப்புறம் தொலைபேசி எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஆனால் அதே மாதங்களில் அதே மேசன்மாரோடு ஓர் அரச கட்டட வேலையைக் குறித்த தவணைக்குள் முடித்துப் பணமும் எடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் நின்ற மேசன் ஒருவரைச் சந்தையில் கண்டு, அதை மட்டும் எப்படி முடித்தார் என்று கேட்டேன். "ஐயா, அங்க விட்டால் பொண்ட் காசு போகும், இனி ரெண்டரும் கிடையாது. உங்கட வீட்டை விட்டால் அவருக்கு என்ன போகும்?" என்றார்.

ஆசிரியர் அவர்களே, நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த மனிதரின் பதிலில் இருக்கிறது. அரசாங்கம் ஒரு கட்டடத்தையோ வீதியையோ கொந்தராத்துக்குக் கொடுக்கும்போது முற்பணத்துக்கு உத்தரவாதம் வாங்குகிறது. வேலையை முடிப்பதற்குத் தனியாக ஒரு பிணை வாங்குகிறது, மேசன் சொன்ன பொண்ட் அதுதான். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, குறைகளைத் திருத்தும் காலம் முடிந்த பிறகே விடுவிக்கிறது. இந்தப் பிணைகளை ஒப்பந்தகாரர் இலகுவாக எடுக்கட்டும் என்று நிர்மாண உத்தரவாத நிதியம் என்று ஒன்றையே அமைத்தும் வைத்திருக்கிறது. அதாவது தான் பதிவு கொடுத்த ஆளைத் தானே வெறும் நம்பிக்கையில் வேலைக்கு எடுப்பதில்லை. ஆனால் எங்களிடம், பதிவு இருக்கிறதா என்று பார், இருந்தால் காசைக் கொடு என்கிறது. நீங்களும் அதைத்தான் அச்சிட்டிருக்கிறீர்கள்.

பாதிக்கப்பட்டவன் எங்கே போவது என்று அந்தக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. போய்ப் பார்த்தவன் சொல்கிறேன். பொலிஸில் "இது சிவில் விசயம், கோட்டுக்குப் போங்கோ" என்பார்கள். மத்தியஸ்த சபைக்கு அழைத்தால் மற்றவர் வரவேண்டும், வந்தாலும் சம்மதிக்க வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கேட்கிறது. கடையில் வாங்கிய மின்விசிறிக்கு மூன்று மாதம் போதும். வீடு கட்டுகிறவன் மூன்று மாதத்தில், இந்த ஆள் இனி வரமாட்டார் என்ற முடிவுக்கு வருவானா? நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியே அந்த மூன்று மாதத்தையும் போக்கிவிடுவார்கள்.

மிச்சம் மாவட்ட நீதிமன்றம். எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், வாய்ப்பேச்சு என்றால் மூன்று வருடம்தான். ஒப்பந்தம் எழுதாதவர்கள் இதையாவது நினைவில் வைத்திருக்கட்டும். நான் வழக்குப் போட்டிருக்கிறேன். சட்டத்தரணி முதலில் சொன்னது, நீதிமன்றம் ஆளை அனுப்பி வேலையை மதிப்பிடும் வரை வீட்டில் கை வைக்க வேண்டாம், வைத்தால் எது அவர் செய்தது, எது நீங்கள் செய்தது என்று நிரூபிக்க முடியாது என்பதைத்தான். ஆகவே சுவர்கள் சாட்சியாக நிற்கின்றன. மாரி மழை முழுவதும் கூரையில்லாத சுவரில் இறங்குகிறது. மயிலிட்டிக் கடற்காற்று உங்களுக்குத் தெரியும். பீமுக்குக் கட்டி விட்ட கம்பி செதில் செதிலாக உரிகிறது. அந்தக் கம்பியை வைத்துக் கொங்கிறீற்றுப் போட வேண்டாம், லிண்டலிலும் சில இடங்களை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்று பொறியியலாளர் எழுதித் தந்திருக்கிறார். இழந்தது 14 இலட்சம் என்று வழக்கில் எழுதலாம். இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

வங்கிக் கடன் மட்டும் ஒரு மாதமும் தவறாமல் ஓய்வூதியத்தில் வெட்டுப்படுகிறது. கட்டம் கட்டமாகக் கடன் விடும்போது வங்கி ஆள் அனுப்பிப் பார்த்தது உண்மைதான். அது வங்கியின் காசுக்கான பாதுகாப்பு. வீட்டு வாடகையும் சுன்னாகத்தில் வேறாகப் போகிறது.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் என் மருமகன், கதையைக் கேட்டதும் பெரிதாகப் பதறவில்லை. "மாமா, லைசென்ஸ் உள்ள ஆள்தானே, பிறகேன் யோசிக்கிறியள்? நட்டஈட்டு நிதிக்கு எழுதிப் போடுங்கோ" என்றான். அப்படி ஒன்று எங்கள் நாட்டில் இல்லை என்பதை அவனுக்கு விளங்கப்படுத்த எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கே உரிமம் பெற்ற வீட்டு ஒப்பந்தகாரர்களின் பணத்தில் ஒரு மீட்பு நிதி இருக்கிறது. அவர்களில் ஒருவர் வேலையை அரைகுறையாக விட்டால், முறைப்பாட்டை விசாரித்து, குடியிருக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு வீட்டுக்கு 30,000 டொலர் வரை அந்த நிதி கொடுக்கும். ஒப்பந்தகாரரின் உரிமம் நிறுத்தப்படும், நிதிக்குத் திருப்பிக் கட்டும் வரை மீண்டும் கிடைக்காது. உரிமம் இல்லாதவரிடம் வேலை கொடுத்தவருக்கு அந்த நிதியில் ஒரு சதமும் இல்லை. உங்கள் கட்டுரையின் வரியை அங்கே எழுதினால் அதில் நியாயம் இருக்கும். கலிபோர்னியாவில் வீட்டுத் திருத்த வேலைக்கு முற்பணமாக 1,000 டொலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் பத்து வீதம், இரண்டில் குறைந்ததற்கு மேல் வாங்கவே கூடாது. தம்பி இருக்கும் ஒன்ராறியோவில் புதுவீட்டு உத்தரவாதச் சட்டம் 1976 இலேயே வந்துவிட்டது, பாரிய கட்டமைப்புக் குறைகளுக்கு ஏழு வருடம் வரை பாதுகாப்பு. பணக்கார நாடுகள் என்பார்கள். ஆனால் அரிசோனாவின் அந்த நிதிக்குப் பணம் போவது ஒப்பந்தகாரர்களிடமிருந்து. அதற்குப் பணக்கார நாடாக இருக்கத் தேவையில்லை.

எங்களுடைய 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தில் பதிவு இருக்கிறது, தரம் இருக்கிறது, பதிவை ரத்துச் செய்யவும் இடம் இருக்கிறது. ரத்துச் செய்தால் அவருடைய தொழில் போகும், எங்கள் வீட்டுக்கு ஓர் ஓடும் வராது. பதிவைப் புதுப்பிக்கக் கட்டும் பணத்தோடு, அரிசோனாவில் உள்ளது போன்ற ஒரு நிதிக்கென ஒரு சிறிய தொகையைச் சேர்த்து வாங்கி வைத்தால் போதும். நேர்மையாக வேலை செய்கிற ஒப்பந்தகாரர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர். அவர்களே இதை வரவேற்பார்கள், ஏனென்றால் இப்படியானவர்களால் கெட்டுப்போவது அவர்களின் பெயரும்தான்.

வடக்கில் வீடு என்றாலே ஏன் இப்படி ஆகிறது என்று சில இரவுகளில் யோசிப்பேன். 65,000 இரும்பு வீடுகள் என்று கொண்டுவந்தார்கள், எங்கள் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது சரிவராது, கல்வீடு தாருங்கள் என்று சனம் கத்த வேண்டியிருந்தது. மாதிரிக் கிராமம் என்ற அரச வீடமைப்புத் திட்டத்தில் அத்திவாரம் போட வைத்தார்கள். 2019 இல் ஆட்சி மாறியதோடு மிச்சத் தவணைப் பணம் வராமல் எத்தனை குடும்பங்கள் அரைச் சுவரோடு நின்றன. அவர்களில் பலர் வட்டிக்கு வாங்கிச் சுவர் எழுப்பியவர்கள். அரசாங்கம் இடையில் விட்டாலும் ஒப்பந்தகாரர் இடையில் விட்டாலும் கடன்காரராக நிற்பது வீட்டுக்காரர்தான். அந்த வீடுகளைப் படம் எடுத்து உங்கள் பத்திரிகையும் போட்டது, நான் வெட்டி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சனத்தை நீங்கள் கவனமில்லாதவர்கள் என்று எழுதவில்லை. எங்களை மட்டும் ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதுதான் எங்கள் மனவருத்தம்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு மலரில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு வரி போடுங்கள்: பதிவு பெற்ற ஒப்பந்தகாரர் வேலையை இடையில் விட்டாலும் வீட்டுக்காரருக்கு நட்டஈடு கொடுக்கும் நிதி எதுவும் இலங்கையில் இல்லை. அதன் கீழே, சாமான் இறங்கும் முன் காசு கொடுக்க வேண்டாம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பங்கைப் பிடித்து வையுங்கள், அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள் என்றும் போட்டால் இந்த வருடம் அத்திவாரம் வெட்டுகிறவர்களுக்கு உதவும். கட்டுரையாளர் விரும்பினால் என்னிடமுள்ள ஒப்பந்தத்தையும் பற்றுச்சீட்டுகளையும் வந்து பார்க்கலாம். முகவரி தங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், பிரசுரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மயிலிட்டி (தற்போது சுன்னாகம்)